இருபதடி ஒழுங்கை

என் உத்தியோகத்தைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், அடுத்தவர் கட்டும் சுவரை அளந்து, காசு விடலாம் என்று எழுதிக் கையெழுத்து வைப்பது. அத்திவாரம் முடிந்தால் ஒரு கட்டம், லிண்டல் மட்டம் வந்தால் இன்னொன்று, கூரை ஏறினால் அடுத்தது, கதவு ஜன்னலும் மலசலகூடமும் முடிந்தால் கடைசிக் கட்டம். தாளில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். புத்தளத்துத் தில்லையடியில் டீ.ஓ. வயதான உம்மாமார் அதையும் விட்டு "அளக்கிற தம்பி" என்பார்கள்.

அளந்த வீடுகளைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வீடு எப்படியும் எழும்பிவிடும். மானியம் வரும், சவூதியிலிருந்து மகன் அனுப்புவான், மகளின் மாலை அடகுக்குப் போகும், மேசன் சொந்தக்காரனாக இருந்தால் கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒழுங்கைக்கு அப்படி ஒருவரும் அனுப்புவதில்லை. வடிகானுக்காக நகையை அடகு வைத்த மனிதரை நான் கண்டதில்லை. புதிதாக ஆட்கள் குடியேறும் இடத்தில் பாதை, தண்ணீர், கழிவுநீர் வழி ஆகியவற்றின் செலவை யார் தலையில் கட்டுவது? என் உத்தியோக காலம் முழுக்க எந்த வீட்டுக் கோப்பைத் திறந்தாலும் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நின்றது.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பிள்ளை. எங்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். புத்தளத்து மக்கள் செய்ததை எதை எழுதினாலும் முதலில் எழுதவேண்டும். பள்ளிவாசலைத் திறந்தார்கள், பாடசாலைகளைத் திறந்தார்கள், சோறு ஆக்கிப் போட்டார்கள், தோட்டங்களில் கொட்டில் போட இடம் விட்டார்கள். ஓரிரு மாதத்துக்கு என்றுதான் அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, இரத்மல்யாய என்று புத்தளத்தையும் கற்பிட்டியையும் சுற்றிக் கிடுகுக் கொட்டில்கள் நிரம்பின.

கிடுகு மாரிக்கு மாரி மாற்றவேண்டிய சாமான். வருடங்கள் ஓட ஓட, கொட்டிலுக்குச் செலவழிப்பதை விட ஒரு துண்டுக் காணி வாங்கலாம் என்று ஆட்கள் நினைக்கத் தொடங்கினார்கள். பிரதான வீதியோரத்துத் தென்னந்தோட்டங்களை உடைமைக்காரர்கள் துண்டாடினார்கள். பத்துப் பேர்ச் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. அதற்கு மேல் வாங்க எங்களிடம் காசு இல்லை. அதற்குக் கீழே போனால் கிணறும் கக்கூசும் ஒன்றோடொன்று முட்டும்.

இந்தத் துண்டாடல் நடந்த நாள்தான் நகரத்தின் விதியை எழுதிய நாள். அன்றைக்கு அந்த இடத்தில் பொறியியலாளர் இல்லை, பிரதேச சபை இல்லை. உடைமைக்காரர், தரகர், சேர்வேயர், நொத்தாரிசு, காசு எண்ணிக்கொண்டு நிற்கும் நாங்கள். அவ்வளவுதான்.

கணக்கைச் சொல்கிறேன், தாளில் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச். சதுரமாகப் பிடித்தால் ஒரு பக்கம் 208 அடி சொச்சம். நடுவில் 20 அடி ஒழுங்கை விட்டால் இருபுறமும் 94 அடி ஆழம் கிடைக்கும். முகப்பு 29 அடி வீதம் வெட்டினால் இந்தப் பக்கம் 7, அந்தப் பக்கம் 7. மொத்தம் 14 காணி, ஒவ்வொன்றும் பத்துப் பேர்ச். ஒழுங்கை எடுத்துக்கொள்வது 15 பேர்ச் சொச்சம். இப்போது அதே ஒழுங்கையை 10 அடியாகச் சுருக்குங்கள். விற்பவருக்கு மிஞ்சுவது ஏழரைப் பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூட. ஒரு முழுக் காணிகூட இல்லை. அந்த மிச்சத்தை 14 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு அரைப் பேர்ச் சொச்சம்.

அந்த அரைப் பேர்ச்சைத்தான் நாங்கள் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தோம். 10 அடி என்று பிளானில் கோடு போட்ட ஒழுங்கை, வேலி நட்ட பிறகு 8 அடி. தண்ணீர் பவுசர் உள்ளே வந்தால் திரும்ப முடியாது. குப்பை டிரெக்டர் முனையில் நின்றுவிடும். மின்கம்பம் நட்டால் பாதி வழி போய்விடும். குழாய் புதைக்க ஒரு பக்கம், கான் வெட்ட மறுபக்கம் என்று எடுத்தால் மனிதன் நடக்க இடமில்லை. பிரசவ வலி வந்த பெண்ணைப் பிரதான வீதி வரைக்கும் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் பொல்லாதது. இந்தக் கரையோரம் மணல் பூமி. மழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி வந்து நிற்கும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். 94 அடி ஆழமுள்ள காணியில் அது முடியும். எல்லாரும் கிணற்றை ஒழுங்கைப் பக்கமும் குழியைப் பின்வேலிப் பக்கமும் வைத்தால், முன்னுக்குப் பத்தடி, பின்னுக்குப் பத்தடி போக 74 அடி நடுவில் கிடைக்கும். பின்வேலிக்கு அப்பால் இருப்பவரும் அப்படியே செய்தால் குழியும் குழியும் முதுகு கொடுத்து நிற்கும், கிணறுகள் ஒழுங்கையில் முகம் பார்த்து நிற்கும். ஒழுங்கு கெடாது. ஆனால் வரிசையில் ஒரே ஒருவர், வாஸ்து என்றோ, கிப்லாத் திசை என்றோ, வாசலில் கிணறு அழகில்லை என்றோ மாற்றிப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் கிணறு போயிற்று. பதினான்கு குடும்பத்தின் குடிதண்ணீர் ஒருவருடைய விருப்பத்தில் தொங்கும். இதற்குச் செலவு எதுவுமில்லை என்பதைக் கவனியுங்கள். வெட்டுகிற அன்றைக்குப் பிளானில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டியிருந்தால் போதும். அந்த இரண்டு வட்டத்தை ஒருவரும் போடவில்லை. பிறகு குழாய்த் தண்ணீர் கொண்டுவரத்தான் எத்தனை கோடி! ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் புத்தளம், சிலாபம், மன்னார், வவுனியா நான்குக்கும் உலர்வலய நகர நீர்வழங்கல் திட்டம் வந்தது. அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் குழாய் உள்ளே போகவும் ஒழுங்கையில் இடம் வேண்டுமே என்றுதான் சொல்கிறேன்.

சபை செய்யவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். சபைகளின் பெட்டியில் காசு எப்படி விழுகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் நடக்கின்றன. கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று அறிவித்த இடத்தில்தான் சோலைவரி. தோட்டமாக இருந்தால் ஏக்கர் வரி. ஒரு தோட்டம் வீட்டுக் காணியாக மாறி முந்நூறு அடுப்பு எரியத் தொடங்கினாலும், சபையின் பேரேட்டில் அது பல வருடம் தோட்டமாகவே கிடக்கும். இரண்டாவது, முத்திரைத் தீர்வை. காணி கைமாறும்போது முதல் இலட்சத்துக்கு 3 வீதமும் அதற்கு மேல் 4 வீதமும் கட்டுகிறோமே, அது மாகாணம் வசூலித்து, காணி இருக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கே திரும்பிப் போகவேண்டிய காசு. 14 உறுதி எழுதினால் 14 தடவை சபைக்கு வருமானம். அந்த ஒழுங்கைக்கே அதைச் செலவிடவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காசும் சுற்றிச் சுழன்று தாமதமாகத்தான் வரும். நாங்களும் சும்மா இருந்தோமா? உறுதியில் பாதி விலை எழுதுவது ஊர் வழக்கம். தீர்வையில் சில ஆயிரம் மிச்சம் பிடித்தவர், பிறகு அதே ஒழுங்கையில் முழங்கால் சேற்றில் நின்று சபையை ஏசுவார்.

எங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. எங்கள் வாக்குப் பதிவு வடக்கில். எங்கள் கிராம சேவகர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள், எங்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலைகள். வாக்கு வடக்கில், குப்பை புத்தளத்தில். ஆட்தொகை பார்த்து ஒதுக்கும் பணத்தில் நாங்கள் புத்தளத்தின் கணக்கில் விழவில்லை. ஆனால் புத்தளத்தின் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம், அதன் கிணற்றில் தண்ணீர் அள்ளினோம், அதன் பாதையைத் தேய்த்தோம். உள்ளூர் ஏழை ஒருவர் என்னிடம், "சேர், ஒங்களுக்கு என்.ஜீ.ஓ. இருக்கு, எங்களுக்கு யார்?" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வி சரியானது.

2004இல் உலக வங்கி வடக்கு கிழக்குக்குப் பெரிய வீடமைப்புத் திட்டம் ஒன்றுக்குக் கடன் கொடுத்தது. புத்தளம் வடமேல் மாகாணம். வடக்குச் சனம் இங்கே இருந்தும் நாங்கள் கோட்டுக்கு வெளியே. 2007இல்தான் புத்தளத்துக்கென்றே தனித் திட்டம் வந்தது. 3 கோடியே 20 இலட்சம் அமெரிக்க டொலர், 7,885 வீடு என்ற இலக்கு. வீட்டு மானியத்தோடு குடிநீர், மலசலகூடம், உட்பாதை எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்தார்கள்; உள்ளூர் ஏழைக் குடும்பங்களையும் சேர்த்தார்கள். இரண்டும் நல்ல முடிவு. காணி உறுதி இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் நல்லதுதான், ஆனால் அது எத்தனை பேரை நொத்தாரிசின் வாசலுக்குத் துரத்தியது என்பதை எழுதப் போனால் இன்னொரு கட்டுரை வேண்டும். வெறுங் கைத்துண்டில் காணி வாங்கியவர்கள், விற்றவர் மௌத்தாகிப் பிள்ளைகள் பங்கு கேட்கும் காணிகள், ஒரே காணி இரண்டு பேருக்கு விற்ற கதைகள்.

வீட்டுக் காசு வந்தது, பாதைக் காசும் வந்தது, பாதைக்கு நிலம் மட்டும் இல்லை. உட்பாதைக்கு இத்தனை அடி அகலம் காட்டினால்தான் வேலை தொடங்கலாம். இரண்டு பக்கமும் வேலியைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். ஓர் ஒழுங்கையில் எல்லாரும் சம்மதித்தார்கள், ஒரு மூத்தவரைத் தவிர. அவருடைய கிணறு வேலியோடு ஒட்டியிருக்கவில்லை, தடையாக ஒன்றும் இல்லை. நான் நாடாவைப் பிடித்ததும் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஒருதரம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன் நான். இனி ஒரு சாண் காணியும் விடமாட்டன்."

பொறியியல் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. நட்டஈடு கொடுக்கவும் செலவுத் தலைப்பு இல்லை. கொடுத்தாலும் அவர் கேட்டது காசு அல்ல. நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளி நிர்வாகத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் வழி கண்டார். காணியை யாரும் எடுக்கவில்லை, நீங்கள் நடைபாதைக்கு வக்பு செய்கிறீர்கள், நடக்கிற ஒவ்வொரு காலுக்கும் உங்களுக்கு நன்மை எழுதப்படும் என்று அவரிடம் போய்ச் சொன்னார். மூத்தவர் மறுநாள் தானே வேலிக் கம்பைப் பிடுங்கினார், கேட்டதை விட ஓர் அடி கூடுதலாக. அதைச் சட்டத்துக்குப் பொருந்த நன்கொடை உறுதியாக எழுதிச் சபைக்குக் கையளிக்கத்தான் மாதக் கணக்காயிற்று. தனியார் ஒழுங்கையில் சபை தன் காசைப் போட முடியாது. ஒழுங்கை சபையின் பெயருக்கு வரவேண்டும், அதற்கு முதல் உடைமைக்காரரின் கையெழுத்து வேண்டும், அவர் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

கான் கதை வேறு. கானை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் ஒழுங்கைச் சனத்தின் சங்கத்துக்கே கொடுத்துச் செய்விக்கும் முறை எங்கள் நாட்டில் பழையது. 1980களில் கொழும்பின் சேரித் தோட்டங்களில் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை சமுதாய ஒப்பந்தம் என்ற பெயரில் தொடங்கியது. இலாபத்துக்குப் போகிற பங்கு கொங்கிறீட்டுக்குப் போகும். சீமெந்துப் பை எத்தனை வந்தது, எத்தனை கலந்தது என்று பெண்கள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள், எந்த மேற்பார்வையாளரும் அப்படி எண்ணமாட்டார். கானின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கான் எங்காவது போய் விழவேண்டும் அல்லவா? மேல் ஒழுங்கையில் கான் கட்டியதும் தண்ணீர் கீழ் ஒழுங்கைக்கு வந்தது. கீழ் ஒழுங்கையார் மண் மூட்டை போட்டு மறித்தார்கள். அதற்கும் கீழே ஒரு தென்னந்தோட்டம். முன்னர் மழைத் தண்ணீர் இயல்பாக ஓடிய பள்ளம் அதற்குள்தான் போயிற்று. உடைமைக்காரர் வழி விடமாட்டேன் என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, இத்தனை வீட்டுக் கழிவும் சேர்ந்து வரும் தண்ணீரை யார் ஏற்பார்? அந்த மாரி முழுக்க எங்கள் புதுக் கான் நீளமான தொட்டியாக நின்றது. நுளம்பு வந்தது. ஒழுங்கை ஒழுங்கையாகக் காசு கொடுத்தால் இப்படித்தான் ஆகும். தண்ணீர் ஓடும் பள்ளத்தை முழுப் பிரதேசத்துக்கும் ஒரே வரைபடத்தில் குறித்து, அதைத் துண்டாட விடாமல் காக்கிற வேலை தனி ஒழுங்கையால் முடியாது, சபையால்தான் முடியும்.

அயல் ஊர்களில் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். மதராசில் 1977இல் உலக வங்கியின் முதலாவது நகர அபிவிருத்தித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் பக்கம் மனையும் அடிப்படை வசதியும் மட்டும் கொடுத்து, வீட்டைக் குடும்பங்களிடமே விட்டார்கள். ஏழைக்குச் சின்ன மனை, வசதியுள்ளவருக்கும் கடைக்கும் பெரிய மனை. பெரிய மனையை நல்ல விலைக்கு விற்ற காசு சின்ன மனையின் பாதைக்கும் குழாய்க்கும் போயிற்று. பாதை முதலில், வீடு பிறகு. எங்கள் தில்லையடியில் எல்லா மனையும் பத்துப் பேர்ச், எல்லாரும் ஏழை. யாருடைய இலாபத்தை எடுத்து யாருக்குக் கொடுப்பது? பிரதான வீதியோரம் கடைக்கு உகந்த முகப்புகள் இருந்தன, அவற்றின் விலையெல்லாம் உடைமைக்காரரின் பைக்குள் போயிற்று.

கொழும்பில் காணியே காசு. பொரளையில் 2001இல் எழும்பிய சஹஸ்புர மாடிவீடுகள், சேரிகள் பிடித்திருந்த நகரக் காணியை விடுவித்து அதன் விலையில் ஏழைகளுக்கு மாடி கட்டலாம் என்ற கணக்கில் வந்தவை. கொழும்புக் காணி விலைக்கு அந்தக் கணக்கு ஓரளவு ஓடும். புத்தளத்து மணலுக்கு ஓடாது. கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்களித்துச் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். பிறகு அங்குள்ள நகரங்கள் பாதைக்கும் பாடசாலைக்கும் பூங்காவுக்கும் புதிதாகக் கட்டப்படும் வீட்டின் மேல் கட்டணம் போட்டன. ஏற்கெனவே இருப்பவருக்கு வரி குறைவு, வந்தவர் கட்டட்டும் என்ற ஏற்பாடு. வீட்டு விலை ஏறிற்று, ஏழை இன்னும் தூரத்துக்குப் போனான். எங்கள் பக்கமும் அந்த யோசனை ஒரு கூட்டத்தில் வந்தது: ஒவ்வொரு புது வீட்டு அனுமதிக்கும் வசதிக் கட்டணம் அறவிடலாம் என்று ஓர் அதிகாரி சொன்னார். நான் எழுந்து மறுத்தேன். கடைசியாகக் காணி வாங்குபவர்தான் சங்கிலியில் ஆக வலு குறைந்தவர். கட்டணம் போடவேண்டிய இடம் அவருடைய வாசல் அல்ல. தோட்டம் தோட்ட விலையில் இருந்து வீட்டுக் காணி விலைக்குத் தாவுகிற அந்த நாளில், தாவலில் இலாபம் எடுக்கிறவரிடம், காசாக இல்லாமல் நிலமாக எடுக்கவேண்டும்.

அதற்குச் சட்டம் இல்லாமலும் இருக்கவில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடுகிறவர் பாதை போகப் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கு விடவேண்டியிருந்தது. விற்கத் தெரிந்தவர் ஹெக்டேயருக்குக் கீழே நின்றுகொள்வார். இந்த வருடம் ஒரு துண்டு, அடுத்த வருடம் மறு துண்டு. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் கண் சபையில் இருந்தால் இந்தத் தந்திரம் ஓடாது.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் ஊருக்குத் திரும்பினார்கள். வடக்கில் இந்திய அரசின் வீட்டுத் திட்டம் வந்தது, வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம், 550 சதுர அடி. அங்கேயும் போய்ப் பார்த்தேன். வீடு நல்லாயிருந்தது, பாதை பழைய வண்டிப் பாதை. தில்லையடியில் தங்கியவர்கள் இப்போது தில்லையடிக்காரர். பிள்ளைகளுக்குச் சோனகத் தெரு என்பது கதை.

தென்னந்தோட்டங்கள் இன்றைக்கும் துண்டாகிக்கொண்டுதான் இருக்கின்றன. விற்பவர் இப்போது பெயர்ப் பலகை வைக்கிறார், தவணைக்குக் கொடுக்கிறார். வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முற்பணம் கொடுக்கும் முன் பிளானை வாங்கி விரித்துப் பாருங்கள். ஒழுங்கை இருபது அடியா என்று நாடா பிடித்து நீங்களே அளந்து பாருங்கள். கிணறு எந்தப் பக்கம், குழி எந்தப் பக்கம் என்று எல்லாக் காணிக்கும் குறித்துத் தரச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஊரில் பழைய ஆள் ஒருவரிடம் கேளுங்கள். ஒழுங்கையைச் சபைக்குக் கையளித்த உறுதியின் பிரதி கையில் வரும் வரைக்கும் மிச்சக் காசைக் கட்டாதீர்கள். தனியாகக் கேட்டால் தரமாட்டார்கள், பதினான்கு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.